நில்லு, நில்லு, ம்ம்ம்

மார்ச் 3, செவ்வாய்

இன்றைக்குக் கடையில் ஒரு திருகைத் தொலைத்தேன். ஒரு பெரியவரையும் கிட்டத்தட்டத் தொலைத்திருப்பேன்.

அவருடைய கண்ணாடியின் ஒரு கால் கழன்றிருந்தது. கடுகைவிடச் சின்னத் திருகு. இடுக்கியில் பிடித்து, மூச்சை அடக்கி, ஓட்டைக்குள் இறக்கப் போகிற நேரத்தில் போன் 'டிங்' என்றது. ஓரக்கண்ணால் பார்த்தேன். "பழைய குரல்கள் – நான்கு குரல் பாட்டுக் குழுக்களுக்கு ஒரு மாலை. தந்திக் குருவிகளின் பாட்டுகள் மேடையில். ஏப்ரல் 18." நான் கத்திய கத்தலில் திருகு எங்கேயோ எகிறிப் போனது. பெரியவர் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். உள்ளே லென்ஸ் அறுத்துக்கொண்டிருந்த ஓனர் அக்கா மெஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்.

"என்னாச்சு? கண்ணுல பட்டுடுச்சா?"

"இல்லக்கா. குருவிகள் வர்றாங்க!"

"கடைக்குள்ளயா? கதவைச் சாத்துடி!"

அப்புறம் விளக்கினேன். அம்பது வருஷத்துக்கு முந்தின குழு. ரெண்டு ஆண், ரெண்டு பெண். மேளம் இல்லை, பெட்டி இல்லை, எதுவும் இல்லை. நாலு பேர், நாலு வாய். ஆளுக்கொரு வழியில் பாடுவார்கள், ஆனால் ஒன்றாகச் சேரும்போது முதுகுத்தண்டில் எறும்பு ஊரும். இப்போது அந்த நாலு பேரில் யாரும் பாடுவதில்லை. அவர்கள் பாட்டை ரசிகர்கள் குழு ஒன்று மேடையில் பாடப் போகிறது.

அக்கா யோசித்துச் சொன்னார்: "எங்க வீட்லயும் நாலு பேர், நாலு வாய். ஆளுக்கொரு வழிதான். அதுக்கு யாரும் டிக்கெட் வாங்க மாட்டேங்கறாங்களே."

டிக்கெட் வாங்கிவிட்டேன். முன்வரிசை!!!

மார்ச் 5, வியாழன்

பஸ்ஸில் போகும்போது குருவிகளின் குடைப் பாட்டு. வரும்போது குடைப் பாட்டு. குளிக்கும்போதும். அண்ணி கதவைத் தட்டி, "ஏய் ஸ்பீக்கர், அந்த 'நில்லு'வை நிறுத்திட்டு வெளிய வர்றியா? உங்கண்ணன் ஆபீஸுக்குத் துண்டோடதான் போகணும் போல" என்றாள். இந்த வீட்டில் எனக்கு ஸ்பீக்கர் என்றுதான் பெயர். மெதுவாகப் பேச வராது, என்ன செய்ய.

ரெண்டு வருஷம் முன்னால் தூக்கம் வராமல் மழைச் சத்தம் தேடினேன். போன் தானாகவே குடைப் பாட்டைக் கொண்டுவந்து போட்டது. அன்றைக்குத் தூக்கமே போய்விட்டது. 'பழம்பெட்டி' என்று ஒருத்தர் சேனல். குருவிகளின் பாட்டு எல்லாவற்றையும் தன் வீட்டு ரெக்கார்டிலிருந்து ஏற்றி வைத்திருக்கிறார். இன்டர்நெட்டில் அவரிடம் மட்டும்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். பாட்டு வாத்தியார், வகுப்பு, ஒன்றும் இல்லை. நானும் இயர்போனும்.

குடைப் பாட்டைப் பற்றி நான் போட்ட நீளப் பதிவை இன்று மறுபடி படித்தேன். "இந்தப் பாட்டில் வார்த்தைகளே கிட்டத்தட்ட இல்லை. ஒரு பெண் நில்லு, நில்லு என்கிறாள். பிறகு ம்ம்ம் என்று விட்டுவிடுகிறாள். தூரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஓர் ஆண் குரல். அது போய்விட்டவனின் நினைவு." அப்பா! என்னமா எழுதியிருக்கேன்! ஒருத்தர் கீழே "கண் கலங்கிவிட்டது சகோதரி" என்று போட்டிருந்தார்.

மார்ச் 7, சனி

கோபம் கோபமாக வருகிறது.

மேடையில் பாடப் போகிற குழு ஒரு பயிற்சி வீடியோ போட்டிருக்கிறது. குடைப் பாட்டு. மூணு பேர்தான் இருக்கிறார்கள். கீழ்க்குரலில் உறுமுகிற ஒரு டாக்டர். பல் டாக்டராம். மேல்குரலுக்கு, பேங்க்கில் வேலை பார்க்கும் ஒரு அக்கா. நடுவில் கணக்கு டியூஷன் எடுக்கும் ஒரு சார். அந்த சார் கண்ணை மூடிக்கொண்டு, கையை விரித்துக்கொண்டு, பாட்டு முழுக்க என்னென்னவோ வார்த்தைகளை நீட்டி முழக்குகிறார். முக்கியமான அந்தப் பெண் குரல்? காணவே காணோம்!

கமெண்ட் போட்டேன்: "பாட்டைப் பாட வேண்டிய குரலையே விட்டுவிட்டீர்கள். யாரோ ஒரு சார் பாட்டு மேல் ஏறி நின்று கத்துகிறார். குருவிகளைக் கேட்டிருக்கிறீர்களா, இல்லையா?"

யாராவது சொல்லித்தானே ஆகணும்.

மார்ச் 8, ஞாயிறு

டியூஷன் சாரே பதில் போட்டுவிட்டார். "நான் கத்துகிறேனா? முப்பது வருஷமாக இந்தப் பாட்டைத்தான் கத்துகிறேன். நீ வந்து சரியாகப் பாடிக் காட்டு பார்க்கலாம்." அடியில் பல் டாக்டர்: "வரும் ஞாயிறு காலை, என் கிளினிக். வாசலில் பெரிய பல் படம் இருக்கும்."

போறேன். கண்டிப்பாப் போறேன். பயமா? எனக்கா?

லேசா.

மார்ச் 15, ஞாயிறு

எழுதவே பிடிக்கலை. ஆனாலும் எழுதணும்.

கிளினிக்கில் நோயாளிகள் உட்காரும் அறையில்தான் பயிற்சி. பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். மேஜையில் கைப்பிடி வைத்த பெரிய பிளாஸ்டிக் தாடை. பல் டாக்டர் நல்ல மனிதர், தண்ணீர் கொடுத்தார். பேங்க் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். டியூஷன் சார் பார்க்கவே இல்லை.

"பாடும்மா. கேக்கலாம்."

கண்ணை மூடினேன். பாடினேன். "நில்லு... நில்லு... ம்ம்ம்... கொஞ்சம் நில்லு..." ஒரு சுருதி பிசகவில்லை. அது மட்டும் சத்தியம்.

கண்ணைத் திறந்தேன். பேங்க் அக்காதான் முதலில் சிரித்தார். அடக்கிப் பார்த்தார், மூக்கு வழியாக வந்துவிட்டது.

"அவ்வளவுதானா?" என்றார் சார்.

"அவ்வளவுதான் பாட்டு."

"இதுவா பாட்டு? அப்ப நான் முப்பது வருஷமா என்னத்தப் பாடிட்டிருக்கேன்?" என்று சொல்லிவிட்டு, தொண்டையைச் செருமி, தனியாகப் பாடினார். "குடையை மறந்து போறவளே, கொஞ்சம் நில்லு, மழைக்கும் எனக்கும் ஒரு பேச்சு இருக்கு..."

கிணற்றுக்குள்ளிருந்து வந்த குரல். போய்விட்டவனின் நினைவு. அதுதான் பாட்டு. அதுதான் மெட்டு. ஊர் உலகமே அம்பது வருஷமாகப் பாடுவது அதைத்தான். நான் ரெண்டு வருஷமாகப் பாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தது, பின்னால் நின்று ஒத்து ஊதுகிற குரலை!

கட்டுரை வேற எழுதியிருக்கேன். ஐயோ. கண் கலங்கினாரே ஒருத்தர், அவரை இப்ப எங்க போய்த் தேடுவேன்?

செருப்பை மாட்டினேனா, கையில் எடுத்துக்கொண்டு ஓடினேனா, ஞாபகம் இல்லை.

மார்ச் 16, திங்கள்

பதிவை அழித்தேன். கமெண்டை அழித்தேன். என்னை அழிக்க பட்டன் எங்கே இருக்கிறது?

மார்ச் 18, புதன்

கடைக்குப் பல் டாக்டர் வந்தார்!

அவரைப் பார்த்ததும் கவுன்டருக்கு அடியில் குனிந்தேன். ஓனர் அக்கா காலால் ஒரு இடி இடித்து, "கஸ்டமர் வந்திருக்காரு, அங்க என்னத்தப் பொறுக்கற?" என்றார். எழுந்து, மேலே பார்க்காமல், அவரை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணில் சோதனைச் சட்டத்தை மாட்டினேன்.

"மேல் வரி படிங்க, டாக்டர்."

அவர் எழுத்துகளை ஒவ்வொன்றாக, அடித்தொண்டையில், இழுத்து இழுத்துப் படித்தார். கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. ஓனர் அக்கா எட்டிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை நீ பாடினியே, அது தப்பில்லம்மா" என்றார், ஒரு கண்ணை மூடியபடியே. "அது மூணாவது குரல். அப்படியே அச்சு. எங்க மூணாவது குரல் பாடின பொண்ணு வேலை மாத்தலாகிப் போயிட்டா. அந்தக் குரலைப் பாட்டுலேர்ந்து தனியாப் பிரிச்செடுக்க முடியாம நாங்க மண்டையை உடைச்சுக்கிறோம். மெட்டு அதை அமுக்கிடுது. உனக்கு மட்டும் எப்படிக் கேட்டுச்சு?"

போனை எடுத்துக் கொடுத்தேன். இயர்போனைக் காதில் வைத்தார். கழற்றினார். மாற்றி வைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

"அந்தக் காலத்து ரெக்கார்டுல இந்தக் காதுக்கு ரெண்டு பேர், அந்தக் காதுக்கு ரெண்டு பேர் பாடுவாங்க. இதை ஏத்தினவன் ஒரு பக்கத்து வயரை மட்டும் சொருகியிருக்கான்! மெட்டு பாடறவர் முழுசா அந்தப் பக்கம் இருக்காரு. இங்க அவரோட எதிரொலிதான் கசியுது."

சாயங்காலம் பழம்பெட்டிக்காரருக்கு மெசேஜ் போட்டேன். உடனே பதில்: "ஆமாம் தம்பி, ஒரு வயர் லூஸ். கேட்க நல்லாத்தான் இருந்துச்சு, விட்டுட்டேன்."

நான் தம்பி இல்லை. ஆனால் இப்போதைக்கு அதுவா பிரச்சினை!

டாக்டர் போகும்போது, "ஞாயித்துக்கிழமை வந்துடு" என்றார். பாட வா, என்கிறார். அவர்களோடு. மேடையில். நான்!

(திருகு கிடைத்துவிட்டது. குனிந்தபோது பார்த்தேன், பெட்டிக்கு அடியில் இருந்தது.)

மார்ச் 22, ஞாயிறு

முதல் பயிற்சி. நாலு குரலும் சேர்ந்து அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி அறையில். முதல் நாலு வரி, நான் என் வழியில் போனேன், சார் அவர் வழியில் போனார், ரெண்டும் உரசி ஒரு பொறி பறந்தது பாருங்கள்! பேங்க் அக்காவே "அட" என்றார். ரெண்டு வருஷமாக ஒற்றைக் கையால் கை தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அடுத்த கை இன்றைக்குத்தான் வந்தது.

அப்புறம்தான் வந்தது வினை.

முழுப் பாட்டையும் கேட்டாகிவிட்டதா, மெட்டு மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. ரெண்டாம் தடவை பாடும்போது "நில்லு" என்று ஆரம்பித்தேன், ரெண்டாவது "நில்லு"வில் சார் பக்கம் வழுக்கிவிட்டேன். மூணாம் தடவை முதல் "நில்லு"விலேயே. நாலாம் தடவை "மழைக்கும் எனக்கும்" என்று அவரோடு சேர்ந்து வார்த்தையே பாடிவிட்டேன்.

சாருக்கு ஒரே குஷி. "வா வா. கத்தறவன் பக்கமே வந்துட்டியே!"

மெட்டு தெரியாதவரைக்கும் கல்லு மாதிரி நின்றேன். தெரிந்துகொண்டேன், போச்சு.

டாக்டர் யோசித்தார். "இன்னையிலேர்ந்து நீ குருவிகள் பாட்டை முழுசாக் கேக்கக் கூடாது. பழைய ஒத்தைக் காது பாட்டு மட்டும்தான். இது டாக்டர் உத்தரவு."

"நீங்க பல் டாக்டர்தானே?"

"வாய் என் டிபார்ட்மென்ட்தான்."

மார்ச் 25, புதன்

ரசிகைக்குப் பாட்டு கேட்கத் தடை. யாரிடம் சொல்லி அழுவது.

அதைவிடக் கொடுமை: அண்ணிக்கு மெட்டு பிடித்துவிட்டது. பயிற்சியில் எடுத்த வீடியோவை என் போனில் ஒரே ஒரு தடவை பார்த்தாள். ஒரே ஒரு தடவை! இப்போது துணி மடிக்கும்போது "குடையை மறந்து போறவளே", விளக்குமாறு எடுக்கும்போது "குடையை மறந்து போறவளே". நான் காதைப் பொத்திக்கொண்டு அறைக்கு அறை ஓடுகிறேன். அவள் பின்னாலேயே வருகிறாள்.

"உன்னைத் துரத்த இவ்வளவு சுலபமான வழி இருக்குன்னு கல்யாணமாகி வந்த அன்னைக்கே தெரியாமப் போச்சே!"

மார்ச் 29, ஞாயிறு

வழுக்கினேன். வழுக்கினேன். மறுபடி வழுக்கினேன்.

பேங்க் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். கடன் கேட்டு வந்தவரிடம் பேசுகிற குரல். "உன்மேல கோவம் இல்ல. பன்னண்டாம் தேதி கடைசிப் பயிற்சி. அன்னைக்கும் இப்படித்தான்னா நாங்க மூணு பேராவே பாடிடறோம். நீ முன்வரிசையில உக்காந்து ஜாலியாக் கேளு. டிக்கெட் வாங்கிட்டேதானே?"

வாங்கிட்டேன். நாலு வாரம் முன்னால் முன்வரிசை என்றதும் குதித்தவள் நான்தான். இப்போது அந்த டிக்கெட்டைக் கண்ணில் படாமல் துணிக்கு அடியில் ஒளித்துவைத்திருக்கிறேன்.

மார்ச் 30, திங்கள்

டாக்டர் உத்தரவு தப்பு என்று நினைக்கிறேன். மேடையில் சார் பாடத்தானே போகிறார்? அன்றைக்குக் காதைப் பொத்திக்கொள்ளவா முடியும்? தண்ணீரைப் பார்க்காமல் ஒதுங்கி ஒதுங்கிப் போய் நீச்சல் கற்றவர் யார்?

அண்ணியிடம் போனேன். "அண்ணி, நீ மெட்டு பாடணும். என் பக்கத்துல நின்னு. சத்தமா. நான் வழுக்கற வரைக்கும்."

"எனக்கு என்ன லாபம்?"

"ஏப்ரல் பூரா பாத்திரம் நான் கழுவறேன்."

"துணியும்."

"...துணியும்."

"குடையை மறந்து போறவளேஏஏஏ!" என்று என் காதுக்குள்ளேயே ஆரம்பித்தாள் பாவி.

ஏப்ரல் 2, வியாழன்

அண்ணி சும்மா பாடுவதில்லை. முகத்தை அஷ்டகோணலாக்குகிறாள். இடுப்பில் கிள்ளுகிறாள். நான் "ம்ம்ம்" என்று பிடித்து நிற்கும் இடத்தில், "அடுப்புல என்னமோ தீயுது" என்று மெட்டிலேயே பாடுகிறாள். ஓடிப் போய்ப் பார்த்தால் அடுப்பே பற்றவைக்கவில்லை.

அம்மா கூடத்திலிருந்து, "ரெண்டு பேருக்கும் என்ன கேடு வந்துச்சு? ஒருத்தி போன்னு பாடறா, ஒருத்தி நில்லுன்னு பாடறா" என்கிறாள்.

கடையிலும் பயிற்சி. லென்ஸ் அறுக்கிற மெஷின் 'ஊஊ' என்று ஒரு சுரம் பிடிக்கும், கண்ணாடியைக் கடிக்கும்போது கொஞ்சம் கீழே இறங்கும். அது இறங்கும்போது நான் இறங்கக் கூடாது. ஒரு மணி நேரம் நின்றேன். ஓனர் அக்கா மெஷினை நிறுத்திவிட்டு, "அது மெஷினு. அதுகிட்ட ஜெயிச்சு என்ன பண்ணப் போற?" என்றார்.

ஒன்று கண்டுபிடித்தேன். மெட்டைக் கேட்காமல் இருக்க முயற்சி செய்தால் வழுக்குகிறது. நன்றாகக் கேட்டு, "நீ அங்க இரு, நான் இங்க இருக்கேன்" என்று அதனிடமே சொல்லிவிட்டால், கொஞ்ச நேரம் நிற்க முடிகிறது.

கொஞ்ச நேரம்தான்.

ஏப்ரல் 8, புதன்

அண்ணிக்குத் தொண்டை கட்டிவிட்டது. அண்ணன் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான், "ரொம்ப நன்றிம்மா" என்று.

ஏப்ரல் 12, ஞாயிறு

கடைசிப் பயிற்சி. மூணு பாட்டு. முதல் ரெண்டிலும் நின்றேன். ஆணி அடித்த மாதிரி நின்றேன்!

மூணாவது, குடைப் பாட்டு. எல்லாம் நன்றாகப் போனது. கடைசி அடியில் மெட்டு மேலே ஏறும், அப்போது நான் இருந்த இடத்திலேயே இருக்கணும். அந்த இடத்தில் மட்டும்... கால் இடறிப் படியில் சறுக்கின மாதிரி. ஒரே ஒரு "நில்லு".

பேங்க் அக்கா டாக்டரைப் பார்த்தார். டாக்டர் பிளாஸ்டிக் தாடையைத் திறந்தார், மூடினார், திறந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நானே சொல்லிவிடலாம் என்று, "பரவால்லக்கா, நான் முன்வரிசையிலயே..." என்று ஆரம்பித்தேன்.

"இரு" என்றார் டியூஷன் சார். அவர்தான்! "நான் பாட ஆரம்பிச்சா இந்த அறையில எல்லாரும் என் பின்னாடி வந்துடறீங்க. டாக்டர் நீங்களும்தான், சும்மா இருங்க. நான் பாடறதைக் கத்தறதுன்னு சொன்ன ஒரே ஆள் இவதான். என்னை மதிக்காமப் பாட இவளை விட்டா வேற யாரு இருக்கா?"

அறையே சிரித்தது. பேங்க் அக்காவும். நான் அழுதுகொண்டே சிரித்ததில் விக்கல் வந்துவிட்டது.

மேடை ஏறுகிறேன்.

ஏப்ரல் 13, திங்கள்

என் முன்வரிசை டிக்கெட்டை அப்பாவிடம் கொடுத்தேன். அப்பாவுக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. நாள் முழுக்க மோட்டார் சத்தத்தில் இருந்துவிட்டு வருகிறவர். வீட்டில் பாட்டு வைத்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவார்.

"உக்காந்தாத் தூங்கிடுவேன். பரவாயில்லையா?"

"குறட்டை மட்டும் விடாதீங்கப்பா."

"அது என் கையிலயா இருக்கு?"

ஏப்ரல் 17, வெள்ளி

தொண்டை வலிக்குதா? இல்ல, வலிக்கற மாதிரி இருக்கா? வெந்நீர். வெந்நீர். வெந்நீர்.

ஏப்ரல் 19, ஞாயிறு

காலை. காபி ஆறிவிட்டது. எல்லாவற்றையும் மறப்பதற்குள் எழுதிவிடணும்.

ஹால் நிறைந்துவிட்டது. எங்களுக்கு முன்னால் ரெண்டு குழுக்கள் பாடின. ஒரு குழுவில் ஒரே மாதிரிச் சட்டை போட்ட நாலு மாமாக்கள், விரலைச் சொடுக்கிக்கொண்டே பாடினார்கள். ஒரு பாட்டுக்கு மூலையில் ரெண்டு பேர் எழுந்து ஆடவே ஆரம்பித்துவிட்டார்கள். நேரில் கேட்பது வேற! போனில் ஒரு குரல் தொடங்கும் முன்னால் அது மூச்சு இழுப்பது கேட்காது. நேற்று கேட்டது. திரைக்குப் பின்னால் நின்று பேங்க் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இது உண்மையா நடக்குதா?" என்று கேட்டேன். "நகத்தை எடு, ரத்தம் வருது" என்றார்.

எங்கள் முறை. முதல் ரெண்டு பாட்டும் நல்லபடியாக முடிந்தன. கை தட்டல். பிறகு குடைப் பாட்டு.

சார் "குடையை மறந்து" என்று எடுத்ததுமே ஹாலில் ஒரு 'ஆ'. எல்லாருக்கும் தெரிந்த பாட்டு. அங்கங்கே முணுமுணுப்பு. சாருக்கு அது போதும். முகம் பல்பு மாதிரி எரிந்தது. டாக்டர் அவரிடம் ஒன்று சொல்லி வைத்திருந்தார்: கூட்டத்தைப் பாடச் சொல்லாதீங்க, சின்னப்பொண்ணு தடுமாறிடுவா. சரி சரி என்று மூணு தடவை தலையாட்டியிருந்தார் மனுஷன்.

கடைசி அடி வந்தது. சார் மைக்கைத் தூக்கிக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிட்டார்!

ஹால் முழுக்கப் பாடியது. அத்தனை பேரும் மெட்டை. ஒரே மெட்டை. அண்ணி காதுக்குள் பாடியதெல்லாம் கொசு. இது வெள்ளம். காலுக்கு அடியில் மணல் கரைகிற மாதிரி இழுத்தது. ஒரு "நில்லு" போயே போய்விட்டது, அவர்களோடு சேர்ந்து. டாக்டர் பக்கத்தில் உறுமிக்கொண்டே கண்ணால் என்னைத் தேடினார். எனக்கு யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அசைகிற வாய். வாய், வாய், வாய்.

முன்வரிசையில் ஒரே ஒரு வாய் மூடியிருந்தது.

அப்பா தூங்கவில்லை. முன்னால் சாய்ந்து, முழங்கையை முழங்காலில் ஊன்றி, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். புது லிஃப்டை முதல் தடவை ஆள் ஏற்றி மேலே அனுப்பிவிட்டு நிற்பார் பாருங்கள், அந்த முகம்.

அந்த மூடின வாயைப் பார்த்துக்கொண்டே என் குரலைத் தேடிப் பிடித்தேன். "நில்லு." நின்றது. "நில்லு." நின்றது. அவர்கள் எல்லாரும் மேலே ஏறினார்கள், நான் இருந்த இடத்தில் இருந்தேன். "ம்ம்ம்." ஹால் மொத்தமும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், ஆனால் சண்டை இல்லை. அவர்கள் பாடுவதைத் தாங்கிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கட்டுரை எழுதினவளுக்கே தெரியவில்லை!

முடிந்ததும் பேங்க் அக்கா சாரின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். "மைக்கை நீட்டுவீங்க? நீட்டுவீங்களா?"

"கை தானாப் போயிடுச்சும்மா, என்ன பண்றது?"

டாக்டர் என்னிடம், "ஒரே ஒரு நில்லுதான் ஓடிப்போச்சு. பரவாயில்ல, ஒரு பல்லு ஆடினா வாயையே பிடுங்கிட முடியுமா?" என்றார்.

வெளியே அப்பா ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டு நின்றார். "பசிக்குதா?" என்று மட்டும் கேட்டார். வழியில் ரெண்டு பேரும் டீ குடித்தோம்.

ஏப்ரல் 21, செவ்வாய்

அண்ணி பின்வரிசையிலிருந்து போனில் எடுத்து நெட்டில் ஏற்றிய வீடியோவை நூறு தடவை பார்த்தேன். என் குரலே கேட்கவில்லை! ஹால் கத்துகிற கத்தலில் எல்லாம் முங்கிவிட்டது. கமெண்டில் ஒருத்தர், "அந்த மூணாவதா நிக்கிற பொண்ணு சும்மா வாயை அசைக்குது" என்று போட்டிருக்கிறார்.

பதில் எழுதினேன். அழித்தேன். எழுதினேன். அழித்தேன். கடைசியில் ஒரு இதயத்தைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வலிக்காம இல்ல.

ஏப்ரல் 26, ஞாயிறு

பயிற்சி இல்லாத ஞாயிறு. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், ஏப்ரல் இன்னும் முடியவில்லையே. அப்பா பின்வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து, டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். என்னவோ முணுமுணுத்தார். அப்பா பாடி நான் கேட்டதே இல்லை. குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டினேன்.

"நில்லு... நில்லு... ம்ம்ம்... கொஞ்சம் நில்லு..."

சுருதி கிடையாது. ஃபேனுக்குப் போட்ட எண்ணெயில் கொஞ்சம் அவர் தொண்டைக்கும் விட்டிருக்கலாம். ஆனால் நான் பாடின வழி அச்சு அசல். கடைசியில் அந்த ஒரு இடத்தில் மேலே போகாமல் நின்றாரே, அங்கேயும்.

"என்னப்பா பாடறீங்க?"

"அதான், அன்னைக்கு நீங்க பாடினீங்கல்ல, குடைப் பாட்டு."

"அதுதான் பாட்டா?"

"பின்ன? ரெண்டு மணி நேரம் உக்காந்து கேட்டேனே." திருப்புளியை வாயில் கவ்விக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார்.

வீட்டில் ஒரு மாசமாக அண்ணி கத்தினது மெட்டு. ஹாலில் அத்தனை பேரும் பாடினது மெட்டு. இந்த மனுஷன் காதில் அதில் ஒரு சொட்டுகூட விழவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தேன். அவர் "நில்லு" என்றபோது நான் மெதுவாக, என் வாழ்க்கையிலேயே மெதுவாக, அவர் குரலுக்கு மேலே எடுத்தேன். "குடையை மறந்து போறவளே..."

ரெண்டு வரி வந்தார். மூணாவதில் என் பக்கம் வழுக்கிவிட்டார். நிறுத்தி, திருப்புளியை வாயிலிருந்து எடுத்துவிட்டு முறைத்தார்.

"நான் ஒழுங்காத்தானே பாடிட்டிருந்தேன்? நீ எதுக்கு நடுவுல வேற பாட்டைப் பாடிக் கெடுக்கற?"